சாப்பிட்டதும் பித்தப்பையைச் சுருங்கச் சொல்வது யார்?

கேள்வி இதுதான்: கொழுப்புள்ள உணவு உள்ளே போனதும் பித்தப்பை சுருங்கிப் பித்தநீரைத் தள்ளுகிறது என்கிறார்கள். குடலுக்குள் என்ன வந்திருக்கிறது என்பது, குடலுக்கு வெளியே கல்லீரலுக்கு அடியில் தொங்கும் ஒரு பைக்கு எப்படித் தெரிகிறது? குடல் ஹார்மோன்களுக்கு இதில் என்ன வேலை?

சுருக்கமான பதில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சிறுகுடலின் தொடக்கத்துக்குக் கொழுப்பும் புரதமும் வந்து சேர்ந்தால், அங்குள்ள சில செல்கள் கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோனை ரத்தத்தில் விடும். அது பித்தப்பையைச் சுருக்கும். பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் இத்தோடு அடுத்த பாடத்துக்குப் போய்விடும். என்னைக் கேட்டால் இது பாதிக் கதைதான். பை சுருங்கும் அதே நேரத்தில் கீழே வாசல் திறக்க வேண்டும். வேலை முடிந்ததும் பை தளர்ந்து மறுபடி நிரம்ப வேண்டும். சுருங்கு, திற, நிரம்பு என்ற மூன்று உத்தரவுகளும் குடலிலிருந்துதான் வருகின்றன. கடைசி உத்தரவைப் பற்றிப் பலருக்கும் தெரியாது.

முதலில் பித்தப்பை எதற்கு என்று பார்த்துவிடலாம். பித்தநீரைச் சுரப்பது கல்லீரல். அது இரவு பகல் பார்க்காமல் நாளொன்றுக்கு 500 முதல் 1000 மில்லி வரை சுரந்துகொண்டே இருக்கும். ஆனால் பித்தப்பையின் கொள்ளளவு 30 முதல் 50 மில்லிதான். நாம் சாப்பிடாத நேரத்தில், பித்தநாளம் குடலில் திறக்கும் இடத்திலுள்ள சுருக்குத்தசை இறுக்கமாக இருக்கும். போக வழியில்லாத பித்தநீரில் பெரும்பகுதி பக்கவாட்டில் திரும்பிப் பித்தப்பைக்குள் ஏறும். பையின் உட்சுவர் அதிலுள்ள உப்பையும் நீரையும் உறிஞ்சிவிடுவதால், பித்தநீர் ஐந்து பத்து மடங்கு அடர்த்தியாகிவிடும். சிறிய பைக்குள் பல மணி நேரச் சுரப்பு அடங்குவது இப்படித்தான். நமக்கு வேண்டியது அதிலுள்ள பித்த அமிலங்கள். கொழுப்பை நுண்துளிகளாகச் சிதறடித்து, செரித்ததை உறிஞ்சுவதற்கு ஏற்ற வடிவில் கொண்டுபோய்க் கொடுப்பவை அவைதான்.

இனி அந்தச் செல்களுக்கு வருவோம். முன்சிறுகுடலிலும் அதற்கடுத்த பகுதியிலும் உட்சுவர்ச் செல்களுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக 'ஐ' செல்கள் இருக்கின்றன. நுண்ணோக்கியில் பார்த்தால் குறுகிய கழுத்தும் அகன்ற அடிப்பாகமும் கொண்ட குடுவை போன்ற உருவம். கழுத்தின் நுனி குடலின் உட்பக்கம் எட்டிப் பார்க்கும். அதிலுள்ள நுண்விரல்களில் உணவைச் 'சுவைக்கும்' ஏற்பிகள் இருக்கும். ஹார்மோன் நிரம்பிய துகள்கள் செல்லின் அடிப்பக்கத்தில், ரத்தநாளத்தை ஒட்டிக் குவிந்திருக்கும். மேலே சேதி வந்தால் கீழே சரக்கு இறங்கும்.

ஆனால் எல்லா உணவுக்கும் இந்தச் செல்கள் ஒரே மாதிரி அசைந்து கொடுப்பதில்லை. செரிக்காத எண்ணெயால் அவற்றிடம் காரியம் ஆகாது. கணையத்தின் லைப்பேஸ் நொதி அதை வெட்டிக் கொழுப்பு அமிலங்களாக்க வேண்டும். அதிலும் 12 அல்லது அதற்கு மேற்பட்ட கார்பன் கொண்ட நீண்ட கொழுப்பு அமிலங்கள்தான் பலமாகத் தூண்டும். குட்டைச் சங்கிலிகளுக்கு அந்தச் செல்வாக்கு கிடையாது. லைப்பேஸைத் தடுக்கும் ஆர்லிஸ்டாட் மாத்திரையைச் சாப்பாட்டோடு கொடுத்தால் கோலிசிஸ்டோகைனின் சுரப்பு குறைகிறது, பித்தப்பையும் குறைவாகவே காலியாகிறது. உணவில் கொழுப்பு இருந்தால் மட்டும் போதாது, அது உடைபட வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை. புரதம் உடைந்து வரும் பெப்டைடுகளும், ஃபீனைல்அலனின், டிரிப்டோஃபான் போன்ற அமினோ அமிலங்களும் அடுத்த நிலைத் தூண்டிகள். மாவுச்சத்துக்கும் சர்க்கரைக்கும் பங்கு ரொம்பக் குறைவு.

இந்த ஹார்மோனைக் கண்டுபிடித்த கதையையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1902-இல் பெய்லிஸும் ஸ்டார்லிங்கும் செக்ரட்டின் என்ற குடல் ஹார்மோனைக் கண்டறிந்து, உறுப்புகள் நரம்பின் துணையில்லாமல் ரத்தம் வழியாகவும் பேசிக்கொள்ள முடியும் என்று காட்டினார்கள். அதே வழியில் 1928-இல் ஐவியும் ஓல்ட்பர்கும் பித்தப்பையைச் சுருக்கும் பொருள் ஒன்று குடலிலிருந்து ரத்தத்தில் கலக்கிறது என்று நிறுவி, அதற்குக் கோலிசிஸ்டோகைனின் என்று பெயர் வைத்தார்கள். 1943-இல் ஹார்ப்பரும் ரேப்பரும் கணைய நொதிகளைச் சுரக்கவைக்கும் ஒரு குடல் ஹார்மோனைப் பிரித்து, பேங்க்ரியோசைமின் என்று அழைத்தார்கள். இரண்டும் வேறு வேறு என்றுதான் வெகுகாலம் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். 1960-களில் சுவீடனில் யோர்ப்பஸும் முட்டும் பன்றிக் குடலிலிருந்து அதைச் சுத்தமாகப் பிரித்தெடுத்துப் பார்த்தபோதுதான், இரண்டும் ஒரே பொருள் என்று தெரிந்தது. யோசித்துப் பார்த்தால் அப்படித்தான் இருந்தாக வேண்டும். கொழுப்பைச் செரிக்கப் பித்தநீரும் வேண்டும், லைப்பேஸும் வேண்டும். இரண்டும் ஒரே குரலுக்குச் சேர்ந்து வந்தால்தான் பயன்.

ரத்தத்தில் இதன் அளவைக் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். வெறும் வயிற்றில் ஒரு லிட்டருக்குச் சுமார் ஒரு பிகோமோல், அதாவது ஒரு கிராமின் நூறு கோடியில் சில பங்குகள். சாப்பிட்ட பிறகு அது 5 முதல் 8 பிகோமோல் வரை ஏறும். அவ்வளவுதான். இதில் ஒரு சிக்கலும் உண்டு. இரைப்பையில் சுரக்கும் காஸ்ட்ரின் ஹார்மோனுக்கும் இதற்கும் வால்நுனியிலுள்ள கடைசி ஐந்து அமினோ அமிலங்கள் அச்சு அசலாக ஒன்றே. ரத்தத்தில் காஸ்ட்ரின்தான் அதிகம். அப்படியானால் பித்தப்பை ஏன் காஸ்ட்ரினுக்கும் சுருங்குவதில்லை?

விடை ஒரு சின்ன சல்பேட்டில் இருக்கிறது. கோலிசிஸ்டோகைனினின் வாலிலிருந்து ஏழாவதாக நிற்கும் டைரோசினில் ஒரு சல்பேட் தொகுதி ஒட்டியிருக்கும். காஸ்ட்ரினில் டைரோசின் ஆறாவது இடத்தில் இருக்கும். பித்தப்பைத் தசையிலுள்ள ஏற்பி, ஏழாம் இடத்தில் சல்பேட் இருக்கிறதா என்று பார்த்துத்தான் பிடிக்கும். சல்பேட்டை நீக்கிவிட்டால் அதே கோலிசிஸ்டோகைனினும் பித்தப்பையிடம் அநேகமாக வலுவிழந்துவிடும். ஒரே ஒரு இடம் தள்ளியிருப்பதை வைத்து இரண்டு ஹார்மோன்களை உடல் பிரித்தறிவது, எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காத விஷயம்.

ஏற்பியில் ஹார்மோன் ஒட்டியதும் தசைச் செல்லுக்குள் கால்சியம் உயரும், தசை சுருங்கும். இது நேர்வழி. இன்னொரு வழி நரம்பு வழியாக வருவது. அதன் பங்கையும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பித்தப்பைச் சுவரிலேயே சின்னச் சின்ன நரம்புமுடிச்சுகள் உள்ளன. தசையைச் சுருங்கச் சொல்ல நரம்புகள் வெளியிடும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் அங்கே அதிகமாக வெளியாகக் கோலிசிஸ்டோகைனின் வழிசெய்கிறது. குடல்சுவரில் முடியும் வேகஸ் நரம்பின் உணர்விழைகளையும் அது தூண்டுகிறது. சேதி மூளைத்தண்டுக்குப் போய், வேகஸ் வழியாகவே உத்தரவாகத் திரும்பி வருகிறது. அதனால்தான் அட்ரோபின் கொடுத்து அசிட்டைல்கோலினை முடக்கினால், ஹார்மோன் ரத்தத்தில் இருந்தும் பித்தப்பை சோம்பலாகவே சுருங்குகிறது. மறுபக்கம், கோலிசிஸ்டோகைனின் ஏற்பியை லாக்ஸிகுளுமைடு என்ற ஆய்வு மருந்தால் அடைத்துவிட்டுச் சாப்பாடு கொடுத்தால், பித்தப்பை கிட்டத்தட்ட அசையவே அசையாது. நரம்பா ஹார்மோனா என்று பட்டிமன்றம் வைக்க வேண்டியதில்லை. இங்கே ஹார்மோன் தன் வேலையில் ஒரு பகுதியை நரம்பைக் கொண்டே செய்து முடிக்கிறது.

உணவைப் பார்த்தும் முகர்ந்தும் வாயில் நீர் ஊறும்போதே வேகஸ் வழியாகப் பித்தப்பை கொஞ்சம் சுருங்கத் தொடங்குகிறது என்பதும் உண்மைதான். ஆனால் அது முன்னோட்டம் மட்டுமே. இரைப்பை உணவைச் சிறிது சிறிதாகக் குடலுக்குள் விட, கோலிசிஸ்டோகைனின் ஏறத் தொடங்கிய பிறகுதான் பெரிய சுருக்கம் வரும்.

அடுத்தது வாசல். பித்தநாளமும் கணையநாளமும் சேர்ந்து குடலில் திறக்கும் இடத்திலுள்ள சுருக்குத்தசைக்கு ஓடி சுருக்குத்தசை என்று பெயர். ருஜெரோ ஓடி என்ற இத்தாலியர் 1887-இல், மாணவராக இருந்தபோதே அதை விவரித்தார். இந்த வாசல் திறக்காவிட்டால், பித்தப்பை எவ்வளவு சுருங்கினாலும் வாய் கட்டிய பலூனை அமுக்கிய கதைதான்: அழுத்தம் ஏறும், எதுவும் வெளியே வராது. இங்கே ஒரு புதிர் இருக்கிறது. கோலிசிஸ்டோகைனின் பித்தப்பைத் தசையைச் சுருக்குகிறது என்றால், இந்தச் சுருக்குத்தசையையும் சுருக்கத்தானே வேண்டும்? தசையைத் தனியாக எடுத்துப் பார்த்தால் அது உண்மைதான், சுருக்கவே செய்கிறது. ஆனால் உடலுக்குள் அந்தத் தசையைச் சுற்றியுள்ள தடுப்பு நரம்புகளையும் அதே ஹார்மோன் தூண்டுகிறது. அவை நைட்ரிக் ஆக்ஸைடையும் விஐபி என்ற பெப்டைடையும் வெளியிட்டுத் தசையைத் தளர்த்துகின்றன. இரண்டில் தளர்வுதான் ஜெயிக்கும். இந்த நரம்புகள் சேதமடைந்திருப்பவர்களுக்கு மட்டும் நிலைமை தலைகீழாகும்: ஹார்மோன் வந்ததும் வாசல் இன்னும் இறுகி, சாப்பிட்ட பின் வலி கிளம்பும்.

இரண்டும் ஒழுங்காக நடந்தால் என்ன ஆகும் என்பதை அல்ட்ராசவுண்டில் நேரடியாகப் பார்க்கலாம். வெறும் வயிற்றில் பித்தப்பை ஒரு பேரிக்காய் வடிவக் கறுப்புக் குழியாக, மெல்லிய சுவரோடு தெரியும். கொழுப்புள்ள உணவு கொடுத்து அரைமணி கழித்து வைத்துப் பார்த்தால், அந்தக் குழி ஒடுங்கியிருக்கும், சுவர் தடித்தது போலத் தெரியும். ஒரு மணி நேரத்துக்குள் பொதுவாகப் பாதிக்கு மேல் காலியாகிவிடும். பித்தப்பை ஸ்கேனுக்கு வெறும் வயிற்றோடு வரச் சொல்வது இதற்காகத்தான். சாப்பிட்டுவிட்டுப் போய்ப் படுத்தால், சுருங்கிய பையில் கல் இருந்தாலும் கண்ணில் படாமல் போகலாம், இயல்பான சுவரும் வீங்கியது போலத் தோன்றலாம்.

செக்ரட்டினைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இரைப்பை அமிலம் குடலுக்கு வந்ததும் சுரக்கும். பித்தநாளச் செல்களிலிருந்து பைகார்பனேட்டும் நீரும் வரச்செய்து பித்தநீரைப் பெருக்கும். தனியாக அதற்குப் பித்தப்பையைச் சுருக்கும் பலம் குறைவு. கோலிசிஸ்டோகைனினுக்குக் கை கொடுக்கும், அவ்வளவே.

சாப்பிடாத நேரத்தில் வருவது மோட்டிலின். வெறும் வயிற்றில் சுமார் 90 முதல் 120 நிமிடத்துக்கு ஒருமுறை, இரைப்பையிலிருந்து சிறுகுடலின் கடைசிவரை பலமான அசைவு அலை ஒன்று ஓடி, மிச்சம் மீதியைப் பெருக்கித் தள்ளும். அந்த அலைக்குச் சற்று முன்னால் மோட்டிலின் அளவு ஏறும். பித்தப்பையும் தன் சரக்கில் கால்பங்கு போல வெளியே விடும். ஆகவே பட்டினி இரவிலும் பித்தப்பை சும்மா கிடப்பதில்லை. அவ்வப்போது கொஞ்சம் கலக்கிவிடப்படுவதால் பித்தநீர் ஒரேயடியாகத் தேங்கிப் படிவதும் குறைகிறது. எரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் மோட்டிலின் ஏற்பியைத் தூண்டும் என்பதால் பித்தப்பையையும் சுருக்கும். கிருமியைக் கொல்வதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

இனி மூன்றாவது உத்தரவு. வெளியே வந்த பித்த அமிலங்கள் உணவோடு சேர்ந்து சிறுகுடல் முழுவதும் பயணித்து, அதன் கடைசிப் பகுதியில் ஏறத்தாழ 95 சதவீதம் திரும்ப உறிஞ்சப்படுகின்றன. அங்கிருந்து கல்லீரலுக்குப் போய், மறுபடி பித்தநீரில் சேரும். உடலில் மொத்தம் இருப்பது சில கிராம் பித்த அமிலம்தான். அதையே ஒரு நாளில் பலமுறை சுற்றவிட்டு உடல் சமாளிக்கிறது. உறிஞ்சப்படும்போது கடைச்சிறுகுடலின் செல்களுக்குள் எஃப்எக்ஸ்ஆர் என்ற ஏற்பி தூண்டப்பட, அவை எஃப்ஜிஎஃப்19 என்ற ஹார்மோனை வெளியிடுகின்றன. அது கல்லீரலுக்குப் போய்ப் புதிய பித்த அமிலம் தயாரிப்பதைக் குறைக்கச் சொல்கிறது. பித்தப்பையைத் தளரச் செய்து நிரம்ப விடுவதிலும் அதற்குப் பங்கு இருக்கிறது. எலிகளில் இதே வேலையைச் செய்வது எஃப்ஜிஎஃப்15. அந்த மரபணு நீக்கப்பட்ட எலிகளின் பித்தப்பை கிட்டத்தட்ட காலியாகவே கிடப்பதை 2006-இல் வெளியான ஆய்வு காட்டியது. வெளியிலிருந்து ஹார்மோனைச் செலுத்தியதும் பை நிரம்பிவிட்டது.

இந்த ஏற்பாட்டில் நேரம்தான் அழகு. குடலின் முன்முனை 'வந்துவிட்டது, விடு' என்கிறது. பித்த அமிலம் கடைசி முனைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, அந்த முனை 'போதும், நிரப்பு' என்கிறது. இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி, உணவு குடலைக் கடக்கும் வேகத்தாலேயே தீர்மானமாகிறது. தனியாகக் கடிகாரம் எதுவும் வைக்கத் தேவையில்லை.

தடுக்கும் பக்கத்தில் வேறு சிலரும் உண்டு. சோமாடோஸ்டாட்டின் என்ற ஹார்மோன் கோலிசிஸ்டோகைனின் சுரப்பையும் குறைக்கும், பித்தப்பைச் சுருக்கத்தையும் அடக்கும். அதன் மருந்து வடிவமான ஆக்ட்ரியோடைடை நீண்டகாலம் எடுப்பவர்களுக்குப் பித்தக்கல் வருவது நன்கு அறியப்பட்ட பக்கவிளைவு. ஜிஎல்பி-1 ஹார்மோனும் பித்தப்பையின் வேகத்தைக் குறைக்கிறது. நீரிழிவுக்கும் எடைக் குறைப்புக்கும் தரப்படும் செமாகுளுடைடு, லிராகுளுடைடு போன்றவற்றின் எச்சரிக்கைப் பட்டியலில் பித்தப்பை நோய் இடம்பெற இது ஒரு காரணம். வேகமாக எடை குறைவது இன்னொரு காரணம்.

அந்த இரண்டாவது காரணத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் தவறாகப் புரிந்துகொண்டிருப்பது இங்கேதான். 'பித்தப்பைக்கு நல்லது' என்று நினைத்துக் கொழுப்பை அறவே ஒதுக்கிவிட்டுக் கடுமையான டயட்டில் இறங்குகிறார்கள். கொழுப்பு வராவிட்டால் கோலிசிஸ்டோகைனின் பெரிதாக ஏறாது, பை சரியாகக் காலியாகாது, பித்தநீர் தேங்கும். அதே சமயம் உடல் கரைக்கும் கொழுப்பிலிருந்து கொலஸ்ட்ரால் பித்தநீரில் கூடும். தேக்கமும் கொலஸ்ட்ராலும் சேர்ந்தால் கல்தான். வாரத்துக்கு 1.5 கிலோவுக்கு மேல் எடை குறையும்போது இந்த ஆபத்து தெளிவாக ஏறுகிறது. மிகக் குறைந்த கலோரி உணவுத்திட்டங்களிலும் ஒரு வேளையிலாவது 10 கிராம் அளவுக்குக் கொழுப்பு வைப்பது, பித்தப்பை நன்றாகக் காலியாகட்டும் என்பதற்குத்தான். வாய்வழி உணவே இல்லாமல் வாரக்கணக்கில் ரத்தநாளம் வழியாக மட்டும் ஊட்டம் பெறும் நோயாளிகளுக்குப் பித்தப்பையில் சேறு படிவதும் இதே காரணத்தால்: குடலுக்கு எதுவும் வரவில்லை, ஐ செல்லுக்குச் சேதி இல்லை. கோதுமையிலுள்ள குளூட்டன் என்ற புரதம் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோயில் முன்சிறுகுடலின் உட்சுவர் சிதைவதால் ஹார்மோன் சுரப்பு குறைந்து, பித்தப்பை மந்தமாகிறது. குளூட்டனை நிறுத்திக் குடல் தேறியதும் அதுவும் தேறுகிறது. கர்ப்ப காலத்தில் கதை வேறு. அங்கே புரோஜெஸ்டிரோன் தசையின் சுருங்கும் திறனையே தளர்த்திவிடுகிறது.

ஏற்கெனவே கல் இருப்பவர்களுக்குச் சொல்வது இதற்கு நேர்மாறாகத் தோன்றும்: கொழுப்பைக் குறையுங்கள். இதில் முரண் இல்லை. கல் உருவாகாமல் இருக்கப் பை காலியாக வேண்டும். கல் உருவான பிறகு பலமாகச் சுருங்கினால், அந்தக் கல் பித்தப்பையின் கழுத்தில் போய் அடைத்துக்கொள்ளலாம். கனமான சாப்பாட்டுக்குப் பிறகு வலது விலாவுக்குக் கீழே அல்லது மேல்வயிற்றில் கிளம்பி, முதுகுக்கோ வலது தோளுக்கோ பரவும் வலி அப்படி வருவதுதான். அது மணிக்கணக்கில் விடாமல் நீடித்தாலோ, காய்ச்சலோ மஞ்சள் காமாலையோ சேர்ந்தாலோ வீட்டில் வைத்துப் பார்க்கும் விஷயமில்லை. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கல்லே இல்லாமல் இதே மாதிரி வலி வந்தால், பித்தப்பை எவ்வளவு காலியாகிறது என்று அளந்து பார்ப்பார்கள். கோலிசிஸ்டோகைனினின் வால்பகுதி எட்டு அமினோ அமிலங்களைச் செயற்கையாகச் செய்த சின்கலைடு மருந்தைக் கொடுத்து, பித்தநீரின் ஓட்டத்தைக் கதிரியக்கப் பொருளைக் கொண்டு படமெடுக்கும் ஹைடா ஸ்கேனில் கணக்கிடுவது வழக்கம். ஒரு கிலோ எடைக்கு 0.02 மைக்ரோகிராம் வீதம், ஒரு மணி நேரம் மெதுவாக ஏற்ற வேண்டும். அப்படிச் செய்து 38 சதவீதத்துக்கும் குறைவாகக் காலியானால் குறைபாடு என்பார்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் அவசரமாக ஏற்றினால் நல்ல பித்தப்பையும் வலியெடுத்துக் குளறுபடியான எண்ணைக் காட்டலாம். குடல் இதைச் சொட்டுச் சொட்டாகத்தான் அனுப்புகிறது. சோதனையும் அதையே பின்பற்றினால்தான் முடிவை நம்ப முடியும். இப்படி ஒரு ரிப்போர்ட் கையில் இருந்தால், மருந்தை எவ்வளவு நேரத்தில் ஏற்றினார்கள் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், பித்தப்பையை எடுத்துவிட்டால் இந்த ஹார்மோன்கள் என்ன செய்யும் என்ற சந்தேகமும் வரும். அவை வழக்கம் போலவே சுரக்கும். கோலிசிஸ்டோகைனின் கணையத்தை நொதி சுரக்கச் சொல்லும், இரைப்பை காலியாவதை மெதுவாக்கும், போதும் என்ற உணர்வைக் கொடுக்கும், வாசலைத் தளர்த்தும். சுருங்கப் பைதான் இருக்காது. பித்தநீர் சேமிப்பில்லாமல் தொடர்ந்து குடலுக்குள் வந்துகொண்டிருக்கும். பெரும்பாலானோர் கொழுப்பைச் சிரமமில்லாமல் செரிக்க அதுவே போதுமானதாக இருக்கிறது. சிலருக்கு மட்டும் பெருங்குடல் வரை போய்ச் சேரும் பித்த அமிலம் அதிகமாகி வயிற்றுப்போக்கு வரும். பித்த அமிலத்தைப் பிடித்துவைக்கும் கொலஸ்டைரமின் போன்ற மருந்துக்கு அது பொதுவாகக் கட்டுப்படும்.